வழியில் நின்ற விதை

1

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குடியாத்தத்திலிருந்து என் கடைசித் தங்கை மலர் போன் செய்தாள். பின்னால் லாரி போகும் சத்தம் கேட்டது. வீட்டில் யார் காதிலும் விழக்கூடாது என்று தெருவுக்கு வந்து பேசுகிறாள்.

“அக்கா, கொழந்தைக்கு ஒரு பக்கம் வெதை கீழ எறங்கலயாம். ஊசி போட்ற நர்ஸம்மா சொன்னாங்க. எங்க மாமியார் இன்னான்னா, வளர வளரத் தானா எறங்கிடும், ஆம்பளப் புள்ளைய யாராவது கத்தியில குடுப்பாங்களான்றாங்க. நம்ம வசந்துக்கும் இப்டித்தான இருந்துச்சு? நீ இன்னா பண்ணே?”

அவள் பிள்ளைக்கு ஏழு மாதம். அரை மணி நேரம் பேசினேன். ஆறு மாதத்துக்கு மேல் தானாக இறங்குவது அபூர்வம், ஒரு வயது ஆவதற்குள் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் காட்டிவிடு, நாட்டு மருந்து எண்ணெய் என்று எதையும் தடவாதே என்றெல்லாம் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கட்டிலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த வசந்த் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது வயது பதினாறு. பெங்களூர் ஈஜிபுராவிலேயே வளர்ந்தவன். தமிழ் பேசுவான், ஆனால் படிக்கத் தெரியாது. கோபம் வந்தால் கன்னடம்தான் வரும்.

“ம்மா, என் பேர் கேளிஸ்து. எனக்கு ஆப்ரேஷன் ஆகித்தா?” தன் பேர் காதில் விழுந்தது, தனக்கு ஆபரேஷன் நடந்ததா என்கிறான்.

அவன் தொடை இடுக்கில் ஒரு விரற்கடை நீளத்துக்குத் தழும்பு உண்டு. சின்ன வயதில் கட்டி வந்து கீறினார்கள் என்று சொல்லி வைத்திருந்தோம். பதினைந்து வருடமாகச் சொல்லி வந்த பொய், ஒரு போனில் போய்விட்டது.

“அப்பா வரட்டும்டா. அவரே சொல்லுவாரு” என்றேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் அடுகோடி என்ற இடத்தில், மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். அன்றைக்கு அவசர வேலை என்று போயிருந்தார். அவர் வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் பழைய நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தேன். மலரிடம் சொன்னது பாதிதான். மீதியை எழுதினால் நம் ஊரில் அவளைப் போலத் தெருவுக்கு வந்து நின்று பேசுகிற வேறு யாருக்காவது உதவும்.

2

நான் பெங்களூருக்கு வந்தது 1991இல். கல்யாணமாகி மூன்று வருடம் குடியாத்தத்தில் மாமியாரோடு இருந்தேன். என் வீட்டுக்காரர் இங்கே நான்கு பேரோடு ஒரு அறையில் தங்கி மாதம் ஒருமுறை வந்து போவார். அந்த மூன்று வருடத்தில் எனக்குக் குழந்தை இல்லை. வேலூரில் ஒரு நர்சிங் ஹோமில் எனக்கு எல்லாச் சோதனையும் செய்தார்கள். ஒன்றும் குறையில்லை என்றார்கள். “ஒண்ணும் கொறையில்லன்னா அப்புறம் ஏன் வயிறு காலியா கீது?” என்று என் மாமியார் தெருவில் போகிறவர்களிடம்கூடக் கேட்டார். என் வீட்டுக்காரரை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை.

ஈஜிபுராவில் வரிசை வீடுகளில் ஒன்றைப் பிடித்து என்னை அழைத்து வந்தார். வரிசையில் பாதி தமிழ்க் குடும்பங்கள். அதனால் கன்னடம் தெரியாமலே நாட்கள் ஓடின. வந்த வருடக் கடைசியில் காவிரிக் கலவரம். அதன் பிறகு பஸ்ஸில் ஏறினால் நான் ஊமைதான். தமிழில் பேசப் பயம், கன்னடம் தெரியாது. கண்டக்டரிடம் ஸ்டாப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கல்யாணமான ஐந்தாம் வருடம் வசந்த் பிறந்தான். பிரசவத்துக்குக் குடியாத்தம் போயிருந்தேன். எட்டாம் மாதமே வலி வந்துவிட்டது. இரண்டு கிலோகூட இல்லை. பிழைத்தால் போதும் என்று இருந்த நேரத்தில், அவன் உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஐந்து மாதம் கழித்து அவனைத் தூக்கிக்கொண்டு ஈஜிபுராவுக்குத் திரும்பினேன்.

3

ஒன்பதாம் மாதம் தடுப்பூசிக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் அவன் துணியை விலக்கிப் பார்த்தார். இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஒந்து கடெ இல்லம்மா. டாக்டருகெ தோரிஸ்ரி” என்றார். எனக்குப் புரிந்தது டாக்டர், கடை, இல்லை. ஏதோ மருந்து கடையில் கிடைக்காது, டாக்டரிடம் கேள் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் மருந்துக்கடையில் போய் நின்று, “ஊசி போட்டப்புறம் குடுக்கற மருந்து இருக்குதா?” என்று கேட்டேன். கடைக்காரர் காய்ச்சல் மருந்தைக் கொடுத்தார். கிடைத்துவிட்டதே என்று சந்தோஷமாக வந்தேன்.

பக்கத்து வீட்டு ரத்னம்மா தண்ணீர்க் குழாயில் இதைக் கேட்டுவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தார். மண்டியாப் பக்கத்துக்காரர். தமிழர்களோடு இருபது வருடம் பழகியதில் அவருக்கென்று ஒரு தமிழ் உண்டு.

“ஏ சரசு, கடெ அந்தா அங்கடி இல்லம்மா. பக்கம். ஒரு பக்கம் இல்லே, டாக்டர்க்குக் காட்டுன்னு சொல்லிருக்காங்க. எது இல்லே?”

வீட்டுக்குள் வந்து வசந்தை வெந்நீரில் உட்கார வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் சுருங்கி, பை வெறுமையாக இருந்தது. தினமும் குளிப்பாட்டும் கைதான். ஒன்பது மாதம் எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கடைக் கதையைக் கேட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வயசானா சரியாயிடும்” என்றார்.

“உங்களுக்கு எப்டித் தெரியும்?”

“தெரியும். விடு.”

இரண்டு மாதம் இதே பதில். எப்போது கேட்டாலும் பட்டறையில் வேலை. நான் மட்டும் போகலாமென்றால் அங்கே என்ன பேசுவது? அந்த நாட்களில்தான் ரத்னம்மாவிடம் கன்னடம் கற்க ஆரம்பித்தேன். குழாயடியில், அரிசி புடைக்கும்போது, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது. ‘எட’ என்றால் இடது, ‘பல’ என்றால் வலது, ‘நோவு’ வலி, ‘யாவாக’ எப்போது. என் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற வார்த்தை இனி ஒன்றுகூட என் காதில் தவறாக விழக்கூடாது என்பதுதான் என் எண்ணம். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. என் உச்சரிப்பைக் கேட்டால் கேலி செய்வார் என்ற கூச்சம்.

பதினோராம் மாதம் ஒரு திங்கட்கிழமை, வசந்தைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். “நீங்க வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி. நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன்” என்றேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கூட வந்தார்.

4

சீட்டு எழுதும் இடத்தில் முதல் குழப்பம். வசந்த் என்று என் வீட்டுக்காரர் சொன்னதை அங்கிருந்த எழுத்தர் வசந்தா என்று எழுதி, பெண் குழந்தை என்று குறித்துவிட்டார். எங்களை வேறு வரிசைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மணி நேரம் நின்ற பிறகு, “இது இங்கே பார்க்கிறது இல்லை” என்று திருப்பினார்கள். திருத்தி வாங்கப் போனால் ரேஷன் கார்டு கேட்டார்கள். அதில் அவன் பெயரே இன்னும் ஏறவில்லை. கடைசியில் குழந்தையின் துணியை விலக்கிக் காட்டித்தான் ஆண் என்று மாற்றி வாங்கினோம். என் வீட்டுக்காரர் முகம் சிவந்திருந்தது.

டாக்டர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். குளிர்ந்த கை பட்டால் நல்ல குழந்தைக்குக்கூட மேலே ஏறிக்கொள்ளும், அப்படி ஏறி இறங்கும் வகைக்கு ஆபரேஷன் தேவையில்லை, அதனால் ஏமாறக்கூடாது என்றார். வசந்தை என் மடியில் சம்மணமிட்ட மாதிரி உட்கார வைத்து, இடுப்பெலும்பிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில், பட்டாணி போல, நழுவுகிற ஒன்று.

“இங்க இருக்கு பாருங்க. கீழ இழுத்தா வரல” என்றார், எனக்காகத் தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கன்னடத்தில் விளக்கினார். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. வயிற்றுக்குள் குழந்தை இருக்கும்போது விதை மேலே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உண்டாகிறது. கடைசி மாதங்களில்தான் கீழே இறங்குகிறது. இவன் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டான், அது வழியில் நின்றுவிட்டது. உடம்புக்குள் சூடு அதிகம். அங்கேயே விட்டால் அது கெட்டுப்போகும், பின்னால் குழந்தை பிறப்பதில் சிரமம் வரலாம், பெரியவனான பிறகு கட்டி வரும் ஆபத்தும் கொஞ்சம் கூடுதல். அதனால் சீக்கிரமே இறக்கித் தைத்துவிட வேண்டும்.

எழுதிக்கொண்டே கேட்டார்: “மனெல பேரெ யாரிகாத்ரூ ஹீகெ இத்தா?” வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குழந்தைக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு விளங்காது என்ற தைரியத்தில், தலையைக் குனிந்தபடி சொன்னார்.

“நனகூ ஹாகே மேடம். ஹுட்டிதாகிந்த. நன் ஹெண்த்திகெ கொத்தில்ல.”

எனக்கும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து. என் மனைவிக்குத் தெரியாது.

என் கை துணியின் முடிச்சிலேயே நின்றுவிட்டது. வேலூர் நர்சிங் ஹோமில் என்னைப் படுக்க வைத்த மேசை நினைவுக்கு வந்தது. மாமியார் தெருவில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. ஐந்து வருடம். அத்தனை நாளும் இவர் மனதில் இது இருந்திருக்கிறது. டாக்டர் என்னை ஒரு நொடி பார்த்தார். நான் முடிச்சை இறுக்கினேன்.

டாக்டர் அவரிடம் மெதுவாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது. ஒன்று சரியாக இருந்தால் குழந்தை பிறக்கும், தாமதமானது இதனால்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களும் பெரியவர்கள் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ள வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

பஸ்ஸில் வரும்போது அவர் எனக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். அந்த ஒன்றைத் தவிர.

5

ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. அந்த இரண்டு மாதமும் நான் அவரோடு அதிகம் பேசவில்லை. சமைத்தேன், துவைத்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். பிள்ளையை நினைத்துப் பயப்படுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். பயமும் இருந்தது. மயக்கம் கொடுத்தால் விழித்துக்கொள்வானா என்று ரத்னம்மாவிடம் எத்தனை முறை கேட்டிருப்பேனோ.

ஆபரேஷன் அன்று காலையிலிருந்து அவனுக்குப் பால் கொடுக்கக்கூடாது. என்னைப் பார்த்தாலே மார்பில் முட்டினான். “நீ கிட்ட வராத, வாசனைக்கு அழுவான்” என்று சொல்லி அவர் தூக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியின் நீளமான நடைபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, திரும்பி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மூன்று மணி நேரம். பிள்ளை அழுதழுது அவர் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனான். சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போதும் இறக்கிவிடவில்லை. இடது கையில் அவனை அணைத்துக்கொண்டு வலது கையால் போட்டார். எழுத்து கோணலாகத்தான் வந்தது.

உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கைகள் இரண்டும் காலியாக மடியில் கிடந்தன. காலர் இன்னும் ஈரமாக இருந்தது. அதைப் பார்த்ததும், இரண்டு மாதமாக நான் அடக்கிவைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. எந்தத் திட்டமும் இல்லாமல் கன்னடத்தில் வந்தது.

“நனகெ கொத்து.” எனக்குத் தெரியும்.

அவர் திரும்பிப் பார்த்தார். பழக்கத்தில் அவரும் கன்னடத்திலேயே கேட்டார். “யாவாகிந்த?” எப்போதிலிருந்து?

“அவத்தே.” அன்றைக்கே.

 பிறகு நான் தமிழில் சொன்னேன். “அஞ்சு வருஷம் எல்லார் பேச்சையும் நான் வாங்கினேன். உங்கம்மா பேச்சு, ஊர்ப் பேச்சு. நீங்க பார்த்துக்கிட்டுதான இருந்தீங்க?”

“பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்” என்றார். மறுக்கவில்லை. “நாலாவது படிக்கும்போது கெணத்துல குளிக்கையில பசங்க பார்த்துட்டுச் சிரிச்சாங்க. அன்னையிலிருந்து யாரு முன்னாடியும் துண்டு இல்லாம நிக்கல. கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரல. அப்புறம், சொன்னா நீ போயிடுவேன்னு பயம். இவனுக்கும் இருக்குன்னு நீ சொன்னப்ப, நான்தான் குடுத்துட்டேன்னு...”

முடிக்கவில்லை. அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஈரக் காலரை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்து, “வசந்த் தாயி யாரு?” என்றார். இரண்டு பேரும் எழுந்தோம். இடுக்கில் ஒரு சின்ன வெட்டு, பையில் அதைவிடச் சின்னதாய் ஒன்று. நன்றாக இறங்கிவிட்டது என்றார் டாக்டர். பாதி மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தவன் என் வாசனைக்குக் கண் திறந்தான்.

அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு கட்டளைதான் கஷ்டமாக இருந்தது. சில வாரங்களுக்குக் குழந்தையை இடுப்பில் வைக்கக்கூடாது, காலை அகட்டி உட்காரும் எந்தப் பொம்மை வண்டியும் கூடாது. நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பு இல்லாமல் பிள்ளை தூக்கத் தெரியுமா? இரண்டு கையிலும் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு திரிந்தேன். குழாயடிக்குப் போனால் ரத்னம்மா என் குடத்தைத் தூக்கி வந்து கொடுத்தார்.

6

அடுத்த வருடம் என் வீட்டுக்காரரும் தன் ஆபரேஷனுக்குப் போனார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் தேதி நெருங்க நெருங்கப் பட்டறையில் வேலை கூடிக்கொண்டே போனது. நான் பட்டறைக்கே போய் முதலாளியிடம் லீவு கேட்டேன், கன்னடத்தில்.

அவருடையது வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. முப்பத்தைந்து வயதில் இறக்கிப் பயனில்லை, வைத்திருந்தால் ஆபத்து என்று எடுத்துவிட்டார்கள். சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை பத்து நாள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று வந்தது. இன்னொன்றை வருடம் ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள்.

அந்தப் பொங்கலுக்குக் குடியாத்தம் போனோம். மாமியார் சோறு போட்டுக்கொண்டே, “இன்னொண்ணு பெத்துக்கறதுதான? இவளுக்கு ஒண்ணுக்கே அஞ்சு வருஷம் ஆச்சு” என்று ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் தட்டை நகர்த்தி வைத்தார்.

“கொறை எங்கிட்டதாம்மா இருந்துச்சு. பொறந்ததிலேர்ந்து இருந்துச்சு. போன மாசம்தான் ஆப்ரேஷன் பண்ணி எடுத்தாங்க. இனிமே சரசுவ ஒண்ணும் சொல்லாத.”

மாமியார் கையில் கரண்டியோடு நின்றார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். என் கோபம் தீர்ந்தது அன்றைக்குத்தான். அதுவரை எனக்கே தெரியாமல் கொஞ்சம் மீதி வைத்திருந்தேன்.

7

குழந்தைகள் டாக்டர் கடைசித் தடவை பார்த்தபோது இன்னொன்றும் சொல்லியிருந்தார். பையன் பதினாலு பதினைந்து வயதுக்கு வரும்போது அவனிடம் சொல்லிவிட வேண்டும். மாதம் ஒருமுறை குளிக்கும்போது அவனே தொட்டுப் பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும். வித்தியாசமாக ஏதாவது தட்டுப்பட்டால் ஒளிக்காமல் வரவேண்டும். இறக்கிவைத்ததில் இப்படிப் பார்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

பதினாலு வந்தது, போனது. பதினைந்தும் போனது. “அடுத்த மாசம் சொல்றேன்” என்பார் என் வீட்டுக்காரர். வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதே குறைந்திருந்தது. அவர் தமிழில் ஒன்று கேட்டால் அவன் கன்னடத்தில் ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். முகம் கழுவினார். மறுபடி கழுவினார். பிறகு கட்டிலில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் அடுக்களையில் நின்றேன்.

கன்னடத்தில்தான் ஆரம்பித்தார். “நோடு மகா...” பாருடா மகனே என்று.

“தமிழ்லயே சொல்லுங்கப்பா. எனக்குப் புரியும்” என்றான் வசந்த்.

அவர் சொன்னார். நிறைய இடங்களில் வார்த்தை கிடைக்காமல் நின்றார். கிணற்றையும் சொன்னார், கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். எப்படித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை, தன் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் உருட்டிக் காட்டினார். 

கடைசியில் கேட்டான். “உங்களுக்கு ஆப்ரேஷன் ஆகறப்போ என்ன வயசு?”

“முப்பத்தஞ்சு.”

“அதுவரைக்கும் யாருக்கும் தெரியாதா?”

“ஆஸ்பத்திரியில சொன்னப்போ உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சது எனக்குத்தான் தெரியல.”

வசந்த் சிரித்தான். பிறகு, “சின்னப் பையனா இருக்கறப்போ தனியா பயந்தீங்களா?” என்றான்.

“ஆமாண்டா.”

அதற்கு மேல் பேச்சு கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து, தோள் தொடும்படி உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே வந்து, ஏற்கெனவே அணைத்திருந்த அடுப்பை மறுபடி பற்ற வைத்தேன்.

மலர் வேலூரில் குழந்தைகள் டாக்டரைப் பார்த்துத் தேதி வாங்கிவிட்டாள். அவள் மாமியாரும் கூட வருகிறாராம். இடுப்பில் வைக்கக்கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் அவருடைய வருடாந்திரப் பரிசோதனை. எப்போதும் தனியாகத்தான் போவார், நான் வருகிறேன் என்றாலும் விடமாட்டார். இந்த முறை வசந்த் காலேஜுக்குப் போகாமல், “நானும் பரேன்பா” என்று கன்னடமும் தமிழும் கலந்து சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். அவர் அவனுக்காக வாசலில் காத்து நின்றார். பத்து மணிக்குப் போனவர்கள் இரண்டு மணிக்குத்தான் வந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் அவர். சாப்பிட வாருங்கள் என்றேன். பசியில்லை, வரும் வழியில் ஓட்டலில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு மசால் தோசை சாப்பிட்டோம், பேச்சு சுவாரசியத்தில் நேரம் போனதே தெரியவில்லை என்றார்கள். எனக்கு ஒன்று கட்டி வாங்கி வரவேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.